பாதியில் திரும்பும் வண்டி

டிப்போவில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஓட்டுநர்களுக்கும் நடத்துநர்களுக்கும் அவள் டைம் அக்கா. வயதில் மூத்தவர்களுக்கும் அக்காதான். கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, எந்த வண்டி எப்போது கிளம்ப வேண்டும், எது எங்கே திரும்ப வேண்டும் என்று சொல்வது அவள் வேலை. சேரும்போது கோப்பு அடுக்கவும் குவளை கழுவவும்தான் எடுத்தார்கள். நேரம் பார்ப்பவர் ஒருநாள் வரவில்லை. வண்டிகள் வாசலில் வரிசை கட்டி உறுமிக்கொண்டு நின்றன. குவளையைத் துடைத்துக்கொண்டே அவள், முதலில் எது போக வேண்டும், அதற்குப் பின்னால் எது என்று சொன்னாள். மேலாளர் அவள் கையிலிருந்த துணியை வாங்கி வைத்துவிட்டு நாற்காலியைக் காட்டினார். அன்றிலிருந்து அது அவள் நாற்காலி.

வீடு டிப்போவுக்குப் பின்தெருவில். சாவி செய்யும் கடைக்கு மேலே இரண்டு அறைகள். வேலைக்கு நடந்தே போய்விடலாம். அதனால், இத்தனை வருடம் பேருந்துகளோடு குடித்தனம் நடத்தியவள் பேருந்தில் ஏறியது மிகக் குறைவு.

அவள் கையில் இருந்த பெரிய ஆயுதம் கட் சர்வீஸ். ஒரு வண்டி தாமதமாக ஓடினால் அதைக் கடைசி நிறுத்தம்வரை விடுவதில்லை. பாதி வழியில் ஆட்களை இறக்கிவிட்டு வந்த வழியே திருப்பிவிடுவார்கள். அடுத்த நடை நேரத்துக்குக் கிளம்பிவிடும். இறக்கிவிடப்பட்டவர்கள் திட்டுவார்கள். திட்டு வாங்குவது ஓட்டுநர். கண்ணாடி ஜன்னல்வரை அது வராது. பாதியில் திரும்பிய நடையும் டிப்போவைப் பொறுத்தவரை ஓடி முடிந்த நடைதான். அப்படித்தான் எல்லாரும் எழுதினார்கள். அவளும் எழுதினாள்.

அவளிடம் அதிகம் கட் வாங்கியவர் நிதானம். அது ஓட்டுநர்கள் வைத்த பெயர். பக்கக் கண்ணாடியில் யாராவது ஓடி வருவது தெரிந்தால் அவரால் வண்டியை எடுக்க முடியாது. ஓடி வருகிறவர் தன் வண்டிக்குத்தான் வருகிறாரா என்று நிச்சயமாகத் தெரியும்வரை நிறுத்தி வைத்திருப்பார்.

டைம் அக்காவுக்கு இரண்டு மகள்கள். பெரியவள் ஐந்தாம் வகுப்புக்குப் போன வருடம் அவளுக்கு மூச்சுத் தொல்லை மோசமானது. சின்ன வயதிலிருந்தே இழுப்பு உண்டு. அந்த வருடம் தொடக்கத்திலேயே ஆஸ்பத்திரியில் இரண்டு முறை படுக்க வேண்டி வந்தது. கூட்டமும் தூசியும் ஒரு வருடத்துக்கு வேண்டாம் என்றார் டாக்டர். பள்ளிக்கூடம் எங்கேயும் ஓடிப் போய்விடாது என்றும் சொன்னார். பள்ளியில் இரக்கமாகத்தான் பேசினார்கள். வீட்டிலேயே படிக்கட்டும், வருடக் கடைசியில் தலைமை ஆசிரியை ஒருமுறை உட்கார வைத்துக் கேட்டுப் பார்ப்பார், சரியாக இருந்தால் ஆறாம் வகுப்பு, இல்லாவிட்டால் மறுபடி ஐந்து.

மறுபடி ஐந்து என்றால் என்ன என்பது வீட்டில் எல்லாருக்கும் உடனே விளங்கியது. சின்னவள் அப்போது நான்காம் வகுப்பு. அவளும் அடுத்த வருடம் ஐந்துக்கு வருவாள்.

"கவலப்படாதக்கா, எம்பக்கத்துலயே எடம் புடிச்சு வைக்கிறேன்" என்றாள் சின்னவள். "ஆனா ஜன்னல் ஓரம் எனக்கு."

சாயங்காலம் அம்மா தலை வாரிவிடும்போது, முகம் அந்தப் பக்கம் இருக்கிற தைரியத்தில் பெரியவள் சொன்னாள்.

"அவகூட ஒரே கிளாஸ்னா நான் ஸ்கூலுக்கே போக மாட்டேம்மா. இழுத்துக்கிட்டு வீட்லயே கெடக்கறேன்."

சீப்பு நின்றது. பிறகு மறுபடி நகர்ந்தது.

டைம் அக்காவுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துப் பழக்கமில்லை. பள்ளிப் படிப்பை முடித்தவள், அவ்வளவுதான். அவள் வீட்டுக்காரருக்கு அதுவும் இல்லை. அவர் பேக்கரியில் மாவு பிசைகிறவர். ராத்திரி வேலை. காலையில் புருவத்தில் மாவோடு வந்து படுத்தால் மத்தியானம் எழுந்திருப்பார். இருவரும் யோசித்தார்கள். கடைசியில் அவள் தனக்குத் தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்கினாள். அட்டவணை போட அவளுக்குத் தெரியும்.

டிப்போவில் கணினி வருவதற்கு முன்னால் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு பலகை இருந்தது. வரிசை வரிசையாகக் கொக்கிகள். ஒவ்வொரு நடைக்கும் ஒரு தகடு. ஓட வேண்டியவை இடது பக்கம், ஓடி முடிந்தவை வலது பக்கம். இப்போது அது டயர் கொட்டகைக்குப் பின்னால் சாய்ந்து கிடந்தது. அவள் மேலாளரிடம் போய்க் கேட்டாள்.

வீட்டில் பஸ் விடப் போகிறாயா என்று கேட்டார் அவர். ஆமாம் என்றாள். விஷயத்தை முழுதும் கேட்டுவிட்டு, பலகையை எடுத்துக்கொள்ளச் சொன்னார். அவள் எழுந்து போகும்போது கூப்பிட்டார்.

"நாளைலேர்ந்து நீ மத்தியானமா வா. ஒரு வருஷத்துக்கு. காலைல நான் பாத்துக்கறேன். எழுதிலாம் கேக்காத, எழுதிக் குடுத்தா எல்லாரும் வந்து நிப்பான்."

ஒரு வருடம் காலை நேரத்தில் அந்த நாற்காலியில் மேலாளரே உட்கார்ந்தார். வண்டிகளைக் குழப்பினார். அதற்காக ஓட்டுநர்கள் அவரைத் திட்டியது ஜன்னலைத் தாண்டி நன்றாகவே கேட்டதாம்.

பலகையை வீட்டுக்குத் தூக்கி வந்தது நிதானமும் இன்னொரு ஓட்டுநரும். மாடிப்படி குறுகல். ஒவ்வொரு திருப்பத்திலும் நிதானம் நின்று மூச்சு வாங்கினார். மேலே இருந்து அவள் அவசரப்படுத்தினாள்.

"அக்கா, படியிலயும் கட் போட்டுடாதீங்க. பாதியில எறக்கி வச்சா சாவிக் கடைக்காரர் வெளில வர முடியாது."

சாவிக் கடைக்காரர் கீழே இருந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அதிகம் பேசாத மனிதர். பலகை எதற்கு என்று மட்டும் கேட்டார். மறுநாளிலிருந்து அவருடைய அரம் சுற்றும் இயந்திரம் கடையின் பின்கட்டுக்குப் போய்விட்டது. பித்தளைத் தூள் படி வழியாக மேலே வரும், குழந்தைக்கு ஆகாது என்று அவராகவே யோசித்திருக்கிறார். சாவி செய்ய வருகிறவர்கள் இப்போது சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஏன் என்று கேட்டவர்களிடம், இடம் மாற்றினால் வியாபாரம் நடக்கும் என்று யாரோ சொன்னார்கள் என்றார்.

தகடுகளுக்கு அவள் வண்ணம் பூசினாள். கணக்குக்குச் சிவப்பு, அறிவியலுக்குப் பச்சை, மொழிப்பாடத்துக்கு மஞ்சள், சமூகத்துக்கு நீலம். ஐந்தாம் வகுப்புப் புத்தகங்களை வாங்கி வந்து, பாடங்களை எண்ணி, வாரங்களாகப் பிரித்து, நாட்களாகப் பிரித்து, மணிகளாகப் பிரித்தாள். காலை நடைகள் அவளுடையவை. மத்தியான நடைகள் வீட்டுக்காரருடையவை. இடையில் ஓய்வுக்கும் மருந்துக்கும் வெள்ளைத் தகடுகள். சுவரில் மாட்டி முடித்ததும் அவர் தூரத்தில் நின்று பார்த்தார். இவ்வளவு அழகாக இருக்கிறதே, நானும் ஐந்தாவது படிக்கலாமா என்றார்.

முதல் மாதங்கள் நன்றாகப் போயின. பெரியவள் தானே எழுந்து பலகைக்கு முன்னால் நிற்பாள். முடிந்த பாடத்தின் தகட்டைக் கழற்றி வலது பக்கம் மாட்டுவது அவள் உரிமை. சின்னவள் தொட்டால் கத்துவாள். மழைநாட்களில் இழுப்பு வந்தது. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வரவில்லை. டைம் அக்கா மனதுக்குள் கும்பிட்டுக்கொள்வாள். யாரை என்று தனியாக இல்லை. பலகையை, மேலாளரை, சந்து வழியாகப் போகிறவர்களை.

ஒரே ஒரு தொல்லை இருந்தது. பாடங்கள் நேரத்துக்கு முடிவதில்லை. பெரியவள் கேள்வி கேட்பாள். ஒரு கேள்வியிலிருந்து இன்னொன்று கிளம்பும். கணக்கு நேரம் முடிந்தும் வகுத்தல் பாதியில் நிற்கும். பின்னால் அறிவியல் காத்திருக்கும். அதற்குப் பின்னால் மருந்து, சாப்பாடு, டிப்போ. டைம் அக்கா தனக்குத் தெரிந்ததைச் செய்தாள். கணக்கை அங்கேயே நிறுத்தி, தகட்டை வலது பக்கம் மாட்டச் சொல்லிவிட்டு, அறிவியலை நேரத்துக்குக் கிளப்பினாள்.

மத்தியானப் பாடங்களை டிப்போவிலிருந்து போனில் பார்த்துக்கொண்டாள்.

"மணி நாலு ஆச்சுங்க. சயின்ஸ கட் பண்ணுங்க."

"இன்னும் தண்ணியே கொதிக்கல. ஆவியாவது மேல போகட்டும்."

"போனவரைக்கும் போதும். சமூகம் லேட்டாகுது."

அவர் போனை வைப்பதற்குள் பெரியவள் புத்தகத்தை மூடித் தகட்டை மாற்றியிருப்பாள். நல்ல ஓட்டுநர். சொன்ன இடத்தில் திரும்பிவிடுவாள்.

பலகை ஒருநாளும் பிந்தவில்லை. வாரக் கடைசியில் எல்லாத் தகடுகளும் வலது பக்கம் இருந்தன. அதைப் பார்க்கும்போது டைம் அக்காவுக்கு வயிறு நிறைந்துவிடும்.

சாப்பிட்டு முடித்தபின் இரண்டு பெண்களும் பாயை விரித்துக்கொண்டு பேசுவார்கள். மொழிப்பாடத்துக் கதையைப் பெரியவள் தங்கைக்குச் சொல்வாள். ஓர் இடம் வந்ததும் நின்றுவிடும். அப்புறம் என்று கேட்பாள் சின்னவள். பெரியவள் கொஞ்சம் யோசித்துவிட்டு மேலே சொல்வாள். மறுநாள் அதே கதை வேறு மாதிரி முடியும். நேற்று இப்படி இல்லையே என்று சண்டை வரும். பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும் டைம் அக்கா, சண்டையை நிறுத்துவதோடு சரி.

வருடம் முடியச் சில வாரங்கள் இருக்கும்போது டீச்சர் வந்தார். பெரியவளின் வகுப்பு டீச்சர். யாரும் கூப்பிடவில்லை. பள்ளி விட்டதும் பேருந்து பிடித்து, படியேறி, பை நிறையப் பழைய கேள்வித்தாள்களோடு வந்து நின்றார். அன்று டைம் அக்காவுக்கு விடுமுறை. நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டுப் பலகையைக் காட்டினாள். டீச்சர் வியந்து போனார். எங்கள் பள்ளியிலேயே இப்படி ஒன்று இல்லை என்றார். பிறகு பெரியவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, சும்மா பேசுவது போலக் கேட்டார். மழை எப்படி வருகிறது?

பெரியவள் கடகடவென்று சொன்னாள். வெயிலில் கடல் தண்ணீர் சூடாகிறது, ஆவியாகிறது, மேலே போகிறது, குளிர்ந்து மேகமாகிறது.

"அப்புறம்?"

"அவ்வளவுதான் டீச்சர். மேகம் மேல இருக்கு."

டீச்சர் சிரித்தார். பட்டாம்பூச்சியைப் பற்றிக் கேட்டார். முட்டை வந்தது, புழு வந்தது, புழு இலை தின்றது, தன்னைச் சுற்றிக் கூடு கட்டிக்கொண்டது. அங்கேயே இருந்தது. எண்பத்து நான்கை ஆறால் வகுக்கச் சொன்னார். எட்டில் ஆறு ஒரு தடவை, மீதி இரண்டு என்று எழுதி, பெரியவள் பென்சிலைக் கீழே வைத்தாள். நதி மலையில் பிறந்தது, காடுகளைத் தாண்டியது, சமவெளிக்கு வந்தது. கடல் எங்கே என்று அதற்குத் தெரியவில்லை. மொழிப்பாடத்தில், ஆற்றைக் கடக்கப் பயப்படும் யானையின் கதை. யானை எப்படி வளர்ந்தது, எப்படி வழி தவறியது என்று குரலை ஏற்றி இறக்கி அவ்வளவு அழகாகச் சொன்னாள். யானை ஆற்றங்கரைக்கு வந்தது. நின்றது.

டீச்சர் இப்போது சிரிக்கவில்லை.

கதவோரம் நின்றிருந்த சின்னவளுக்குத்தான் பொறுக்கவில்லை. "இவகிட்ட எல்லாமே ஆஸ்பத்திரி ஸ்டாப்போட நின்னுடுது டீச்சர்."

அவர்கள் பக்கத்து வண்டிகள் கட் ஆகும் இடம் ஆஸ்பத்திரி நிறுத்தம். டிப்போவுக்குப் பின்தெருவில் வளர்ந்த குழந்தைக்குத்தான் அந்தப் பேச்சு வரும். டைம் அக்கா திரும்பினாள். பலகையைப் பார்த்தாள். எல்லாத் தகடுகளும் வலது பக்கம்.

போகும்போது டீச்சர் படியில் நின்று ஆறுதலாகத்தான் பேசினார். குழந்தை கெட்டிக்காரி, எடுத்தது எல்லாம் நன்றாகவே ஏறியிருக்கிறது. ஒரு வருடம் கூடப் படித்தால் ஒன்றும் குறைந்துவிடாது. இன்னும் நாலைந்து வாரம் இருக்கிறது, பாருங்கள். கேள்வித்தாள் பையை விட்டுவிட்டுப் போனார்.

உள்ளே பெரியவள் பலகைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். "எல்லாத்தையும் ஓட்டிட்டோம்னு சொன்னீங்களேம்மா" என்றாள். கோபமாக அல்ல. சந்தேகம் கேட்பது போல.

கடைக்குப் போய்த் திரும்பிய கணவர் விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். "நீ போன வச்சதுக்கப்புறம் நான் கொஞ்சம் சொல்லிப் பாப்பேன். அவதான், அம்மா கட் பண்ணிட்டாங்கப்பான்னு புத்தகத்த மூடிடுவா. டிபார்ட்மென்ட் விஷயம், நமக்கென்னன்னு விட்டுட்டேன்."

அவள் சிரிக்கவில்லை. எங்கிருந்து தொடங்குவது என்றே தெரியவில்லை. முதல் பாடத்திலிருந்து மறுபடி ஓட்டினால் பாதி தூரம்கூடப் போக முடியாது.

மறுநாள் மத்தியானம் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். நிதானத்தின் வண்டி வழக்கம் போலப் பிந்தியது. கை தானாகப் போனை எடுத்துக் கட் சொன்னது. சொன்னபிறகு அந்தக் கையையே பார்த்தாள். சாயங்காலம் அவர் கையெழுத்துப் போட வந்தபோது கேட்டாள்.

"ஏண்ணே, ஆஸ்பத்திரி ஸ்டாப்புல எறக்கி விடறீங்களே. அதுக்கப்புறம் அவங்க என்ன பண்ணுவாங்க?"

நிதானம் பேனாவோடு நிமிர்ந்தார். கிண்டல் செய்கிறாளோ என்று பார்த்தார்.

"என்னக்கா, இத்தன வருஷம் கழிச்சு கேக்கறீங்க. மொதல்ல என்னைத் திட்டுவாங்க. அப்புறம் நடக்க முடிஞ்சவங்க நடப்பாங்க. மத்தவங்க அங்கயே நிப்பாங்க."

"நின்னா?"

"அடுத்த நடையில வர்றப்ப ஏத்திக்குவேன். டிக்கெட் புதுசா கேக்கறதில்ல. பாதி வந்தவங்கதான? மீதிய விட்டா போதும். திரும்ப மொதல்லேர்ந்தா கூட்டிட்டு வரணும்?"

கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் போய்விட்டார். டைம் அக்கா அவர் போன வழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை முடிந்ததும் ஓடினாள் என்றே சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்து, வலது பக்கம் இருந்த தகடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் திருப்பினாள். பின்பக்கம் வண்ணமில்லை, வெறும் தகரம். அப்படியே இடது பக்கம் மாட்டினாள். பலகை முழுக்க மங்கலான வெள்ளி நிறம்.

மீதி மட்டும்தான், வேறு ஒன்றும் இல்லை என்றாள் பெரியவளிடம். நீ நிற்கிற இடத்திலிருந்து ஏறிக்கொள்.

மணி பார்ப்பதில்லை என்று முடிவாயிற்று. ஒரு பாடம் முடிந்தால்தான் அடுத்தது. சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி அலமாரியில் வைத்தாள். பழக்கத்தில் அடிக்கடி அந்த வெற்றுச் சுவரைப் பார்ப்பாள். சின்னவள் அதைப் பார்த்துச் சிரிப்பாள்.

மழையைப் பெய்யவைத்தது அப்பா. காலையில் வந்தவர் படுக்கப் போகாமல் பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவிட்டார். ராத்திரி முழுக்க ஆவியோடுதான் இருக்கிறேன், இதுகூடத் தெரியாதா என்றார். குளிர்ந்த மூடியைத் துணியால் பிடித்து மேலே காட்டினார். மூடியின் அடியில் துளிகள் சேர்ந்தன. ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்தன. பெரியவள் கையை எட்ட நீட்டிக் காத்திருந்தாள். மூடியைத் தள்ளிக் கொண்டுவந்து சாய்த்தார். ஒரு சொட்டு அவள் மணிக்கட்டில் விழுந்தது.

"கனம் தாங்கலப்பா. அதான் விழுது."

"ஆமாம்" என்றார் அவர். அப்படியே சுவரில் சாய்ந்து தூங்கிப்போனார். மூடி கையிலேயே இருந்தது.

பட்டாம்பூச்சிக்குச் சின்னவள் ஏற்பாடு செய்தாள். பள்ளித் தோட்டத்திலிருந்து கூட்டுப்புழு ஒட்டிய குச்சியை ஒடித்து வந்தாள். சாவிக் கடைக்காரர் கம்பி வலையில் ஒரு கூண்டு செய்து கொடுத்தார். கூண்டுக்குப் பூட்டு வேண்டுமா என்று கேட்டார். அவர் வாயிலிருந்து வந்த ஒரே நகைச்சுவை அதுதான் என்று வீட்டில் இன்றும் சொல்வார்கள். எல்லாரும் நாட்கணக்கில் காவல் இருந்தார்கள். ஒருநாள் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினால் கூடு காலி. பட்டாம்பூச்சி வலையைப் பிடித்துக்கொண்டு இறக்கையை உலர்த்திக்கொண்டிருந்தது. பெரியவளுக்கு ஆத்திரம். இதுவும் பாதிதானா என்றாள். ஆனால் அது முதன்முதலாகப் பறந்ததை முழுதாகப் பார்த்தாள். ஜன்னல், கம்பி, எதிர்வீட்டுக் கொடி, அப்புறம் காணோம்.

தகடுகள் மெதுவாகத்தான் வலது பக்கம் போயின. சிலநாள் ஒன்றுகூடப் போகவில்லை. டீச்சர் வாரம் ஒருமுறை, டைம் அக்காவின் விடுமுறை நாளில் வந்தார். வகுத்தலில் மீதியைக் கீழே இறக்கும் இடத்தில் பெரியவள் தடுமாறினாள். டீச்சர் கடைசிப் பேருந்து வரும் நேரம்வரை உட்கார்ந்தார். வந்ததற்கு ஒரு வாய் தண்ணீருக்கு மேல் எதுவும் குடிக்க மாட்டார். டைம் அக்கா அவரைத் தெருமுனைவரை கொண்டுபோய் விடுவாள். அந்தத் தூரத்தில் நன்றி என்ற சொல்லை எப்படித் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டே போவாள். தெருமுனை வந்துவிடும்.

தலைமை ஆசிரியை கூப்பிட்ட நாளில் அப்பாவுக்கு அன்று மட்டும் பகல் வேலை. டைம் அக்கா விடுப்பு எடுத்துக்கொண்டு பெரியவளோடு நிதானத்தின் பேருந்தில் போனாள். பள்ளி விடுவதற்குக் கொஞ்சம் முன்னால் உள்ளே அழைத்தார்கள். அம்மா வெளியே பெஞ்சில் இருக்கலாம் என்றார்கள். கதவு முழுதாகச் சாத்தவில்லை.

மழை பெய்தது. நதி கடலுக்குப் போயிற்று. எதையோ எதாலோ வகுக்கச் சொன்னார்கள். பென்சில் சத்தம் கேட்டது, நின்றது. டைம் அக்கா பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். சத்தம் மறுபடி தொடர்ந்தது. பிறகு தலைமை ஆசிரியை பாடத்திலிருந்து ஒரு கதை சொல்லச் சொன்னார். பெரியவள் யானையை எடுத்தாள். யானை ஆற்றங்கரைக்கு வந்தது. நின்றது.

"ஏன் நிறுத்திட்ட?"

"புக்ல இருக்கற முடிவச் சொல்லவா, நான் தங்கச்சிக்குச் சொன்ன முடிவச் சொல்லவா?"

உள்ளே நாற்காலி நகரும் சத்தம். "மொதல்ல புக்கு" என்றார் தலைமை ஆசிரியை.

புத்தகத்தில், பின்னால் வந்த குட்டி யானை விஷயம் தெரியாமல் தண்ணீரில் இறங்கிவிடுகிறது. அதைப் பிடிக்க இறங்கும் பெரிய யானை, அக்கரை போன பிறகுதான் தான் கடந்துவிட்டதைக் கவனிக்கிறது. பெரியவள் அதைச் சொல்லி முடித்தாள்.

"இப்ப உன்னோடது."

அவளுடைய கதையில் யானை ஆற்றைக் கடக்கவில்லை. இந்தக் கரையிலேயே வீடு கட்டிக்கொள்கிறது. அக்கரைக்காரர்கள் ஒவ்வொருவராக அதைப் பார்க்க வருகிறார்கள். ஒவ்வொருவர் வருவதற்கும் ஒரு காரணம் இருந்தது. பள்ளி மணி அடித்தது. கதை போய்க்கொண்டே இருந்தது. டைம் அக்காவுக்குப் பேருந்து நேரம் தெரியும். இப்போது எழுந்து கதவைத் தட்டினால் பிடித்துவிடலாம். உட்கார்ந்திருந்தாள். பையோடு வந்த சின்னவள் அம்மாமேல் சாய்ந்துகொண்டு காதைக் கொடுத்தாள்.

"இதுல கரடியே கெடையாதும்மா" என்று முணுமுணுத்தாள். "இப்ப சேக்கறா."

கதவு திறந்தபோது தலைமை ஆசிரியை பெரியவளின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். லீவு முடிந்ததும் ஆறாம் வகுப்பில் வந்து உட்காரட்டும் என்றார். "ஜன்னல் ஓரமா எடம் போடச் சொல்றேன். காத்து வரும்."

"அங்கயும் ஜன்னலா" என்றாள் சின்னவள், யாருக்கும் கேட்காத மாதிரி. எல்லாருக்கும் கேட்டது.

டீச்சர் நடைவழியில் காத்துக்கொண்டிருந்தார். அவருக்கு முகத்தைப் பார்த்தே தெரிந்துவிட்டது. டைம் அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர், அன்னைக்கு நீங்க மட்டும் வரலன்னா..." அதற்கு மேல் வரவில்லை.

"பாதியில விடாதீங்க. முழுசாச் சொல்லுங்க."

"வரலன்னா யானை இன்னும் கரையிலதான் நின்னுக்கிட்டு இருந்திருக்கும் டீச்சர்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள், இருவருமே.

பேருந்து போயிருக்க வேண்டும். நின்றுகொண்டிருந்தது. நிதானம் பக்கக் கண்ணாடியில் பள்ளி வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பயணிகள் உச்சுக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் ஏறியதும் பெரியவளைப் பார்த்தார். பெரியவள் ஆறு விரல்களைக் காட்டினாள். வண்டி கிளம்பியது.

கொஞ்ச தூரம் போனதும் டிப்போவிலிருந்து அழைப்பு வந்தது. நிதானம் கேட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார். முகத்தில் சங்கடம்.

"அக்கா, கட்."

"யாரு போட்டது?"

"உங்க நாற்காலிதான்."

"சரியாத்தான் போட்டிருக்காங்க" என்றாள். அவளாக இருந்தால் இன்னும் முன்னாலேயே போட்டிருப்பாள்.

ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கினார்கள். இறங்கும்போது அவள் ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் நின்றாள். போய்ட்டு வாங்கண்ணே என்று மட்டும் சொன்னாள். அடுத்த நடையில் தான்தான் வருவேன், முடிந்தால் நில்லுங்கள் என்றார் அவர். வண்டி திரும்பிப் போயிற்று.

இரண்டு கையிலும் துணிப்பையோடு ஓர் அம்மாள் பக்கத்தில் நின்று பொருமிக்கொண்டிருந்தார். வாரத்தில் மூன்று நாள் இப்படி ஆகிறது, வீட்டில் உலை வைப்பது எப்போது, பிள்ளைகளுக்குப் போடுவது எப்போது என்றார். கேட்க ஆள் கிடைத்ததும் குரல் ஏறியது.

"கண்ணாடிக்குள்ள காத்தாடிக்குக் கீழ உக்காந்துக்கிட்டு கட்டு போடறா பாருங்க, அவளுக்கு என்ன தெரியும்?"

இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஆமாங்க" என்றாள் டைம் அக்கா. "ஒண்ணும் தெரியாது. இப்பதான் கத்துக்கறா."

"உங்களுக்குத் தெரிஞ்சவளா?"

"ஒரே வீடுதாங்க."

சின்னவள் வெடித்துவிட்டாள். பெரியவள் பையை முகத்தில் அழுத்திக்கொண்டு பார்த்தாள், முடியவில்லை. அவளும் சிரித்தாள். அடக்க முடியாமல், குனிந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. டைம் அக்கா அந்த அம்மாளிடமிருந்து ஒரு பையை வாங்கித் தன் கையில் வைத்துக்கொண்டாள். மகளின் சிரிப்புக்கு அடியில் இழுப்பின் விசில் சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். சிரிப்பு மட்டும்தான் வந்தது.

நடக்கலாமா, நிற்கலாமா என்று கேட்டாள். நடக்கலாம் என்றாள் பெரியவள்.